நகராத கேமரா, நகரும் காலம்: ‘ஹியர்’ படத்தைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

‘ஹியர்’ படத்தைப் பாருங்கள் என்று நான் சொன்னவர்களில் பாதிப் பேர் முதல் இருபது நிமிடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். “யாருக்கு யார் என்ன உறவு என்றே பிடிபடவில்லை” என்றார் ஒருவர். “கேமரா ஒரே இடத்தில் நிற்கிறது, பள்ளிக்கூட நாடகம் பார்த்த மாதிரி இருக்கிறது” என்றார் இன்னொருவர். “டைனோசர் எதற்கு வந்தது?” என்று கேட்டவரும் உண்டு. எல்லாமே நியாயமான கேள்விகள்தான். முதல் தடவை நானும் இதே இடங்களில் தடுமாறினேன். இதுவரை மூன்று தடவை பார்த்தாயிற்று. கொஞ்சம் தயார் செய்துகொண்டு உட்கார்ந்தால் இந்தப் படம் எவ்வளவோ கொடுக்கும் என்று நம்புகிறேன். அந்தத் தயாரிப்பைத்தான் படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதலில் அடிப்படைத் தகவல்கள். ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கிய படம். ஒரு வீட்டின் கூடம் இருக்கும் ஒரே இடத்தில் கேமராவை நிறுத்தி, அங்கே பல காலங்களில் வாழ்ந்தவர்களைக் காட்டுகிறது. 2024 நவம்பர் 1 அன்று அமெரிக்காவில் வெளியானது. டாம் ஹாங்க்ஸ், ராபின் ரைட், பால் பெட்டனி, கெல்லி ரைலி ஆகியோர் முக்கியப் பாத்திரங்களில் நடித்திருக்கிறார்கள். திரைக்கதையை எரிக் ராத்தும் ஜெமெக்கிஸும் சேர்ந்து எழுதினார்கள். ஒளிப்பதிவு டான் பர்ஜெஸ், இசை ஆலன் சில்வெஸ்ட்ரி. 1994இல் ‘ஃபாரஸ்ட் கம்ப்’ எடுத்த கூட்டணி கிட்டத்தட்ட அப்படியே முப்பது வருடம் கழித்துத் திரும்பக் கூடியிருக்கிறது. ஆனால் அந்தப் படத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். அங்கே ஒரு மனிதன் நாடு முழுக்க ஓடுகிறான். இங்கே யாரும் அந்தக் கூடத்தை விட்டுப் போவதை நாம் பின்தொடர முடியாது. அவர்கள் கதவைத் தாண்டிப் போவார்கள், நாம் அங்கேயே இருப்போம்.

படி 1: எங்கே, எப்படி உட்கார்வது

கைபேசியில் பார்க்க வேண்டாம். இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் படத்தில் ஒரு காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் ஒரு மூலையில் சின்னச் சதுரம் ஒன்று திறக்கும். அதற்குள் வேறொரு காலத்துக் காட்சி தெரியும். கைபேசியில் அந்தச் சதுரம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும், அதற்குள் யார் என்ன செய்கிறார் என்பதே தெரியாது. வீட்டில் இருப்பதிலேயே பெரிய டிவியில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

மொத்தம் 104 நிமிடம். ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும். பாதியில் நிறுத்தி நாளைக்குத் தொடர்வது மற்றப் படங்களுக்குச் சரிப்படலாம். இதில் ஒரு காலத்தில் பார்த்த பொருள் நாற்பது நிமிடம் கழித்து வேறொரு காலத்தில் திரும்பி வரும். நடுவில் ஒரு இரவு தூங்கி எழுந்தால் அந்தக் கண்ணி அறுந்துபோகும்.

படி 2: முதல் பத்து நிமிடத்தை அப்படியே விட்டுவிடுங்கள்

படம் வீட்டில் தொடங்காது. வீடு கட்டப்படுவதற்கு முன்னால், அந்த மண்ணில் தொடங்கும். டைனோசர்கள், அவை அழிந்த ஊழி, பனியுகம், பனி உருகி மரங்கள் முளைத்துக் காடாவது என்று கோடிக்கணக்கான ஆண்டுகள் சில நிமிடங்களில் ஓடிவிடும். கேமரா எங்கே நிற்கிறதோ அங்கேயேதான் பிற்பாடு ஒரு வீட்டின் கூடம் வரப்போகிறது.

இந்தப் பகுதியில் கதையைத் தேடினால் எரிச்சல்தான் மிஞ்சும். ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: இந்தப் படத்தில் அசையாமல் இருப்பது இந்த இடம் மட்டும்தான். மரம் போகும், மாளிகை போகும், மனிதர்கள் போவார்கள். இது உள்ளே இறங்கிவிட்டால், பிறகு கேமரா ஏன் நகரவில்லை என்று கேட்கத் தோன்றாது.

படி 3: குடும்பங்களை வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்

குழப்பத்துக்கு முதல் காரணம், படம் இந்தக் குடும்பங்களை வரிசையாகக் காட்டாது. 1945க்கும் 1910களுக்கும் 2020க்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்கும். அதனால் முன்கூட்டியே வரிசை தெரிந்துகொண்டு போவதில் தப்பே இல்லை, ரசனை கெடாது.

மிகப் பழைய காலத்தில், ஐரோப்பியர்கள் வருவதற்கு முன்பு அந்த நிலத்தில் வாழ்ந்த தொல்குடி இணை ஒன்று வரும். அவர்களின் காதல், குழந்தை, அப்புறம் மனைவியின் மரணம். அவர்களோடு ஒரு கழுத்தணியும் வரும். அதை மறக்காதீர்கள். பல நூறு வருடம் கழித்து அதே மண்ணைத் தோண்டும்போது அது திரும்பக் கண்ணில் படும்.

அடுத்தது 18ஆம் நூற்றாண்டு. பெஞ்சமின் ஃபிராங்க்லினின் மகன் வில்லியம் ஃபிராங்க்லினின் மாளிகை எதிர்ப்புறம் இருக்கும். பிற்காலத்தில் வீடு வந்த பிறகு ஜன்னல் வழியாகத் தெரிவது அந்த மாளிகைதான். இது வெறும் கற்பனை இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் நியூ ஜெர்சியின் கடைசி ஆளுநராக இருந்த வில்லியம் ஃபிராங்க்லின் வசித்த கட்டடம் பெர்த் அம்பாய் என்ற ஊரில் இன்றும் நிற்கிறது. இந்தப் படத்துக்கு மூலமான வரைகதையை உருவாக்கிய ரிச்சர்ட் மெக்வயர் வளர்ந்த வீடு அதற்கு எதிரே இருந்தது. சிறுவயதில் ஜன்னலைத் திறந்தால் கண்ணில் படும் கட்டடத்தையே அவர் கதைக்குள் கொண்டுவந்திருக்கிறார்.

பிறகு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீடு எழுகிறது. முதலில் குடிவருவது ஜான், பாலீன் தம்பதி. ஜானுக்கு விமானம் ஓட்டுவதில் பித்து. விமானம் விழுந்து செத்துவிடுவாரோ என்று பாலீன் பயந்துகொண்டே இருப்பார். ஜானைக் கொண்டுபோவது விமானம் இல்லை, 1918இன் கொள்ளைநோய்க் காய்ச்சல்.

அவர்களுக்குப் பின் லியோ, ஸ்டெல்லா. இந்தப் படத்தில் மனம்விட்டுச் சிரிக்கும் ஒரே ஜோடி இவர்கள்தான். லியோ பின்பக்கம் சாயும் சொகுசு நாற்காலி ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அமெரிக்காவில் ‘லேஸி-பாய்’ என்ற பெயரில் புகழ்பெற்ற அந்த நாற்காலியை உண்மையில் 1920களின் பிற்பகுதியில் மிச்சிகன் மாநிலத்தின் மன்ரோ நகரில் இரண்டு உறவினர்கள் சேர்ந்து உருவாக்கினார்கள். படம் அந்தப் பெருமையை இந்த வீட்டுக்குக் கற்பனையாகக் கொடுக்கிறது.

1945இல் இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய அல் யங் தன் மனைவி ரோஸுடன் இந்த வீட்டை வாங்குகிறார். படத்தின் பெரும்பகுதி இவர்களுடையது. இவர்களின் மூத்த மகன் ரிச்சர்டாக டாம் ஹாங்க்ஸும், அவன் மனைவி மார்கரெட்டாக ராபின் ரைட்டும் வருகிறார்கள். இவர்களின் மகள் வனெஸ்ஸா.

கடைசியாக, 2010களில் குடிவரும் ஹாரிஸ் குடும்பம். கறுப்பின அப்பா, அம்மா, பதின்வயது மகன். இவர்கள் காலத்தில் கொரோனாவும் வருகிறது. வீட்டு வேலைக்கு வரும் ராக்கெல் அதில் இறந்துபோகிறார். நூறு வருட இடைவெளியில் இரண்டு கொள்ளைநோய்கள் இதே கூடத்தின் வழியாகப் போயிருக்கின்றன. படம் அதைக் கைநீட்டிக் காட்டாது. நாமே கவனித்தால்தான் உண்டு.

படி 4: திரைக்குள் திறக்கும் சதுரங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

படத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள மூலத்துக்குக் கொஞ்சம் போய்வருவோம்.

மெக்வயர் 1989இல் ‘ரா’ என்ற வரைகதை இதழில் ஆறு பக்கத்துக்கு ஒரு கதை வரைந்தார். கறுப்பு வெள்ளை, மொத்தமே 36 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே அறையின் ஒரே மூலை. அந்தக் கட்டத்துக்குள்ளேயே சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் ஆண்டு. ஒரு கட்டத்தில் 1957இல் ஒருவர் நின்றால் அவர் தோளுக்குப் பக்கத்தில் வேறொரு நூற்றாண்டு நடந்துகொண்டிருக்கும். அந்தக் காலத்தில் கணினித் திரையில் ஒரு ஜன்னல்மேல் இன்னொரு ஜன்னல் திறக்கும் வசதி புதிது. அதைப் பற்றி நண்பர் ஒருவர் சொன்னதிலிருந்துதான் இந்த எண்ணம் முளைத்ததாக மெக்வயர் சொல்லியிருக்கிறார். 2014இல் இதையே முந்நூறு பக்கத்துக்கு மேல் வண்ணத்தில் விரித்துத் தனிப் புத்தகமாகக் கொண்டுவந்தார். 2016இல் பிரான்ஸின் அங்குலேம் வரைகதை விழாவில் அந்தப் புத்தகத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. (மெக்வயர் ‘லிக்விட் லிக்விட்’ என்ற இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவரும்கூட. ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே மேலே புதிது புதிதாக அடுக்கும் வேலை அவருக்கு அங்கேயே கைவந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.)

புத்தகத்தில் நம் கண் தானாகவே எந்தக் கட்டத்தை முதலில் பார்ப்பது என்று தீர்மானிக்கும். திரைப்படத்தில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, தீர்மானிப்பவர் இயக்குநர். அதனால் படத்தில் சதுரங்கள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று, அவை ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்குப் போகும் வாசல். சோபாவின் ஒரு முனையில் சின்னதாகத் திறக்கும் சதுரம் மெல்லப் பெருத்து முழுத் திரையையும் நிறைக்கும். நாம் காலம் மாறிவிட்டோம். இன்னொன்று, அவை இரண்டு காலங்களை அக்கம்பக்கத்தில் உட்கார வைக்கின்றன. ஒரு காலத்தில் கூரை ஒழுகுகிறது, இன்னொரு காலத்தில் ஒரு பெண்ணுக்குப் பனிக்குடம் உடைகிறது. விமர்சகர்கள் சிலருக்கு இந்த இணைப்பு அசட்டுத்தனமாகப் பட்டது. எனக்கு அப்படிப் படவில்லை. ஒரு வீட்டின் நினைவு இப்படித்தானே வேலை செய்யும்? வீட்டுக்குத் தண்ணீர் என்றால் தண்ணீர்தான். அது யார் காலத்துத் தண்ணீர் என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

ஒரு பயிற்சி சொல்கிறேன். சதுரம் திறந்தவுடன் அதற்குள் இருக்கும் ஆளைப் பார்க்காதீர்கள். அது திரையில் எந்த இடத்தில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். கதவருகிலா, கணப்படுப்பின் பக்கமா, ஜன்னலோரமா? அந்த இடத்துக்கும் அந்தச் சம்பவத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கும். நான்கைந்து தடவை இப்படிச் செய்தால் கண் பழகிவிடும், அப்புறம் முயற்சியே தேவைப்படாது.

படி 5: பொருள்களை வைத்து ஆண்டைக் கண்டுபிடியுங்கள்

புத்தகத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் ஆண்டு அச்சாகியிருக்கும். படத்தில் அந்த உதவி கிடையாது. சாமான்களைப் பார்த்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். இது பாரமாகத் தோன்றலாம், ஆனால் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

டிவியில் தொடங்குங்கள். கூடத்தில் டிவியே இல்லையென்றால் 1940களோ அதற்கு முன்போ. மரப்பெட்டி போன்ற டிவி வந்துவிட்டால் அல், ரோஸ் காலம். அதில் பீட்டில்ஸ் பாடிக்கொண்டிருந்தால் 1964, ஏனென்றால் அவர்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றி நாட்டையே கலக்கியது அந்த பிப்ரவரியில்தான். அடுத்து சுவரைப் பாருங்கள். சுவர்த்தாளின் பூவேலை, வண்ணம், திரைச்சீலை எல்லாம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். மூன்றாவது, ஜன்னலுக்கு வெளியே. மண்பாதை, குதிரை வண்டி, பழைய கார், புதிய கார். பிரிட்டனில் பைன்வுட் ஸ்டுடியோவில் செட் போட்டு எடுத்த படம் இது. ஜன்னலுக்கு வெளியே பெரிய எல்.ஈ.டி. திரை வைத்து அதில் தெருவையும் பருவத்தையும் ஓடவிட்டிருக்கிறார்கள். பனி பெய்வதும் இலை உதிர்வதும் வெளிச்சம் சாய்வதும் அங்கேயிருந்துதான் வருகின்றன.

நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக் காட்சிகள் இன்னொரு நல்ல அடையாளம். அமெரிக்கர்கள் நவம்பரில் குடும்பத்தோடு கூடிச் சாப்பிடும் நாள் அது. பல வருடங்களின் விருந்து இதே கூடத்தில் நடக்கும். யார் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார், எந்த நாற்காலி காலியாக இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாலே அந்தக் குடும்பத்தின் முழு வரலாறும் கிடைத்துவிடும்.

ஜெமெக்கிஸுக்கு இது புதிய பழக்கம் இல்லை. ‘பேக் டு தி ஃபியூச்சர்’ வரிசையில் ஒரே ஊரின் ஒரே மணிக்கூண்டுச் சதுக்கத்தை 1885, 1955, 1985, 2015 என நான்கு காலங்களில் காட்டியவர் அவர். அங்கே காலத்தைத் தாண்ட ஒரு கார் தேவைப்பட்டது. நாற்பது வருடம் கழித்து, ஒரு சோபா போதும் என்ற இடத்துக்கு வந்திருக்கிறார்.

படி 6: மார்கரெட்டைப் பின்தொடருங்கள்

முதல் தடவை பார்ப்பவர்கள் ரிச்சர்டைத்தான் நாயகன் என்று எண்ணிக்கொண்டு போவார்கள். டாம் ஹாங்க்ஸ் அல்லவா! நானும் அப்படித்தான் பார்த்தேன். இரண்டாம் தடவைதான் இது மார்கரெட்டின் படம் என்று புரிந்தது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

மார்கரெட் ரிச்சர்டின் காதலியாக, இன்னும் பள்ளிவயது தாண்டாத பெண்ணாக இந்தக் கூடத்துக்குள் வருகிறாள். கர்ப்பமாகிறாள். அவசரமாகத் திருமணம், அதுவும் இதே கூடத்தில். ஓவியனாக ஆசைப்பட்ட ரிச்சர்ட் தூரிகையை வைத்துவிட்டுக் காப்பீடு விற்கப் போகிறான். கையில் காசு வரும்வரை மாமனார் மாமியாரோடு இருக்கலாம் என்று தொடங்குகிறார்கள்.

அந்த ‘வரும்வரை’ முடியவே முடியாது. மார்கரெட் சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ரிச்சர்டிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும்: வரி, செலவு, நிலவரம் சரியில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம். அவன் கெட்டவன் இல்லை. பணத்தைக் கண்டு நடுங்கும் அல்லுக்குப் பிறந்து, அந்த நடுக்கத்தைத் தானும் வாங்கிக்கொண்டவன். ரோஸுக்குப் பக்கவாதம் வருகிறது, அல்லுக்கு வயதாகிறது. பொறுப்பு கூடக்கூட, கிளம்புவது இன்னும் தள்ளிப்போகிறது.

இந்தக் கதையைத் தமிழில் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: தனிக்குடித்தனம். அவள் கேட்டது அதைத்தான். நியூ ஜெர்சி மாதிரியான ஓர் இடத்தில் வாழும் வெள்ளைக்காரக் குடும்பத்தின் கதை நமக்கு இவ்வளவு சட்டென்று பிடிபடுவதற்கு நம் மொழியே காரணம். பெண்ணுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டு சொற்கள் வைத்திருக்கிறோம். மார்கரெட் புகுந்த வீட்டில் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறாள், அது அவளுடையதாக ஆகவே இல்லை. அமெரிக்க விமர்சகர்கள் பலர் ‘ரிச்சர்ட் ஏன் வீடு மாறவில்லை என்பது ஒரு பெரிய பிரச்சினையா?’ என்ற தொனியில் கடந்துபோனார்கள். நம்மில் பலருக்கு அந்தக் கேள்வியே எழாது என்று நினைக்கிறேன்.

அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாள் காட்சியைக் கவனமாகப் பாருங்கள். எல்லோரும் சேர்ந்து கொண்டாட வந்திருக்கிறார்கள். அவள் பேசத் தொடங்குகிறாள். ஐம்பது வயதுக்குள் செய்திருப்பேன் என்று நினைத்தவை ஒன்றுமே நடக்கவில்லை என்ற துக்கம் எல்லோர் முன்னாலும் உடைந்து வெளியே வருகிறது. வேறு படமாக இருந்தால் கேமரா அவள் முகத்துக்கு நெருங்கிப் போயிருக்கும். இங்கே அது நகராது. அவள் அறை நடுவில், சுற்றிலும் ஆட்கள் இருக்க, நம்மிடமிருந்து அதே தூரத்தில் நிற்கிறாள். ஓடிப்போய்த் தோளைத் தொட வேண்டும் போல இருக்கும், முடியாது. கேமராவை நிறுத்தி வைத்ததன் முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது அந்த இடத்தில்தான். இந்த வீடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் வீட்டால் யாருக்கும் எதுவும் செய்ய முடியாது.

இதோடு சேர்த்து இன்னொன்றைக் கவனியுங்கள். இந்தப் படத்தில் முகம் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் நடிகர்தான் கேமராவை நோக்கி நடந்து வர வேண்டும். யார் எப்போது முன்னால் வருகிறார், எப்போது பின்சுவரோடு ஒண்டிக்கொள்கிறார் என்று பாருங்கள். மற்றப் படங்களில் வெட்டுகள் செய்யும் வேலையை இங்கே கால்கள் செய்கின்றன.

படி 7: இளமையாக்கப்பட்ட முகங்களுக்குக் கண்ணைப் பழக்குங்கள்

1956இல் பிறந்த ஹாங்க்ஸும் 1966இல் பிறந்த ரைட்டும் இந்தப் படத்தில் பதின்வயதிலிருந்து முதுமைவரை வருகிறார்கள். ஹாங்க்ஸின் அப்பாவாக நடிக்கும் பெட்டனி 1971இல் பிறந்தவர், அம்மாவாக வரும் ரைலி 1977இல். அதாவது மகனைவிட அப்பாவுக்குப் பதினைந்து வயது குறைவு.

இதைச் சாத்தியமாக்கியது ‘மெட்டாஃபிசிக்’ நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவுத் தொழில்நுட்பம். நடிகர்களின் பழைய படங்களில் இருந்த முகங்களைக் கொண்டு பயிற்சி கொடுத்து, நடிக்கும்போதே இளமையான முகத்தைத் திரையில் காட்டும்படி செய்தார்கள். படப்பிடிப்பில் ஒரு மானிட்டரில் நடிகரின் இப்போதைய முகமும் பக்கத்து மானிட்டரில் இருபது வயது முகமும் ஓடும். நடிகர் அதைப் பார்த்துத் தன் அசைவுகளைத் திருத்திக்கொள்ளலாம்.

முகம் எனக்கு உறுத்தவில்லை. உடம்பும் குரலும் சில இடங்களில் உறுத்தின. சோபாவிலிருந்து எழும்போது இருபது வயதுப் பையன் முழங்காலைப் பற்றி யோசிக்க மாட்டான், ஹாங்க்ஸ் யோசிப்பது தெரிகிறது. அந்த உறுத்தலோடு மல்லுக்கட்ட வேண்டாம். இளைஞர்களாக வரும் முதல் சில காட்சிகளில் முகத்தை விட்டுவிட்டுப் பேச்சைக் கேளுங்கள். நடுத்தர வயதுக்கு வந்துவிட்டால் எல்லாம் ஒன்றாக இணைந்துவிடும்.

படி 8: குறைகளைத் தெரிந்துகொண்டே பாருங்கள்

படம் வசூலில் தோற்றது. சுமார் 5 கோடி டாலர் செலவானதாகச் சொல்லப்படும் படம் அதில் பாதியைக்கூட ஈட்டவில்லை. விமர்சனங்களும் பெரும்பாலும் சாதகமாக இல்லை.

குறைகள் உண்மையிலேயே இருக்கின்றன. தொல்குடி இணைக்குப் படம் ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு. அவர்கள் மனிதர்களாக உருப்பெறுவதற்குள் மறைந்துவிடுகிறார்கள். ஹாரிஸ் குடும்பமும் அப்படித்தான். காவல்துறை காரை நிறுத்தினால் கையை எங்கே வைக்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும் காட்சி ஒன்று உண்டு. அந்தக் காட்சி வலுவானது, ஆனால் அந்தக் குடும்பத்துக்கென்று அதைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் தரப்படவில்லை. அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் யங் குடும்பத்துக்கு மட்டும்தான் கிடைக்கிறது. ஓர் இடத்தின் கதை என்று சொல்லிவிட்டு ஒரு குடும்பத்தின்மேல் மட்டும் இவ்வளவு சாய்ந்தது எனக்கு வருத்தம்தான். மெக்வயரின் புத்தகத்தில் இந்தச் சாய்வு இல்லை.

வசனங்களும் சில இடங்களில் நாடகத்தனமாக ஒலிக்கும், குறிப்பாகக் காலம் ஓடுவதைப் பற்றிப் பாத்திரங்களே வாய்விட்டுச் சொல்லும்போது. படம் கண்ணுக்குக் காட்டிவிட்டதை வாயாலும் சொல்ல வேண்டியதில்லை.

படி 9: முடிவு (இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள்)

மார்கரெட் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். மணமுறிவு. ரிச்சர்ட் அதே வீட்டில் தனியே இருக்கிறான், கடைசியில் அதை விற்றுவிடுகிறான். இருவருக்கும் வயதாகிவிடுகிறது. மார்கரெட்டுக்கு மறதி நோய். காலியாகக் கிடக்கும் இந்தக் கூடத்துக்கு ரிச்சர்ட் அவளை அழைத்துக்கொண்டு வருகிறான்.

அவளுக்கு இடம் அடையாளம் தெரியவில்லை. அவன் ஏதேதோ நினைவுபடுத்துகிறான். கடைசியில் அவளை எட்டுவது ஒரு நீல ரிப்பன். வனெஸ்ஸா சிறுமியாக இருந்தபோது தொலைத்துவிட்டுத் தேடியது, அப்புறம் கிடைத்தது. திருமணமோ, பிரசவமோ, சண்டைகளோ திரும்பி வரவில்லை. இந்தத் துணுக்கு மட்டும் வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றவையும் வருகின்றன. வாழ்நாள் முழுக்க விட்டுப்போக ஆசைப்பட்ட வீட்டை அவள் அன்போடு நினைக்கிறாள்.

அப்போதுதான் கேமரா முதல் தடவையாக நகர்கிறது. இவ்வளவு நேரம் பார்க்கக் கிடைக்காத பக்கத்துக்குத் திரும்பி, வீட்டை விட்டு வெளியே போகிறது. ஒரு ரீங்காரச் சிட்டு (ஹம்மிங்பேர்ட்) பறக்கிறது. தெரு, பக்கத்து வீடுகள், மரங்கள் எல்லாம் தெரிகின்றன. நூறு நிமிடம் ஒரே கோணத்தில் உட்கார்ந்திருந்த உடம்புக்கு அந்த அசைவு நெஞ்சுவரைக்கும் எட்டும். இதனால்தான் ஒரே மூச்சில் பாருங்கள் என்று முதல் படியிலேயே சொன்னேன். இடையில் நிறுத்தியவர்களுக்கு இந்த அசைவு சாதாரண ஷாட்டாகத்தான் தெரியும்.

படி 10: அதன்பிறகு

ஒரு வாரம் விட்டுவிட்டு இரண்டாம் தடவை பாருங்கள். இந்தத் தடவை ஆட்களை விட்டுவிட்டுப் பின்னணியை மட்டும் பின்தொடருங்கள். ரிப்பன், கழுத்தணி, ஓவியம், சாய்வு நாற்காலி என்று ஒவ்வொன்றும் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று தெரியும்.

கிடைத்தால் புத்தகத்தையும் படியுங்கள். அறையின் மூலை புத்தகத்தின் நடுமடிப்பில் சரியாக வந்து விழும்படி வரைந்திருப்பார். புத்தகத்தைத் திறந்தாலே ஓர் அறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். அதில் 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து கி.பி. 22,175 வரை போகிறார். படம் நிகழ்காலத்தோடு நின்றுவிடுகிறது. எதிர்காலத்தில் இந்த இடத்துக்கு என்ன ஆகும் என்பதைப் புத்தகத்தில்தான் பார்க்க முடியும்.

முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் ஓர் இடத்தில் நாற்காலியைப் போட்டு, வீட்டிலேயே மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எதிரே தெரியும் மூலையில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். படம் பார்த்த மறுநாள் அம்மாவிடம் நான் கேட்டேன். இப்போது அங்கே செருப்பு ஸ்டாண்டு இருக்கிறது. அதற்கு முன்னால் என் மேசை இருந்தது எனக்கே தெரியும். அதற்கும் முன்னால் தன் தையல் மெஷின் இருந்ததாக அம்மா சொன்னார். வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் நகர்த்தலாமா என்று கல்யாணமான புதிதில் பாட்டியிடம் கேட்டாராம். பாட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். “அந்த மெஷினை வித்து இருபது வருஷம் ஆச்சு, ஆனா இப்பவும் தைக்கிற மாதிரி கனவு வந்தா அது ஜன்னல் பக்கம்தான் இருக்கும்” என்றார் அம்மா.